உத்தரத்துக்கு மேலே

“பந்தை மேலே தூக்கிக் கொடுன்னா கொடுக்க வேண்டியதுதானே, அதுல உனக்கு என்ன—”

“தூக்கிக் கொடுத்தா நின்னு வேடிக்கை பார்க்கறாங்க மாமா, நேத்து நீங்களும்தானே—”

“மாமான்னு கூப்பிடாதே. இங்க நான் கோச்.”

“சரி கோச். நேத்து மூணு பேரும் நிலாவைப் பார்க்கற மாதிரி அண்ணாந்து நின்னாங்க, கோச்.”

“பழக்கம் இல்லை, நின்னாங்க. இனிமே பழகுவாங்க.”

“எப்போ? இன்னிக்கு ஒரு நாளைக்குள்ளயா? நாளைக்கு மேட்ச்.”

சண்டை நடந்தது ஓட்டல் சாப்பாட்டு அறையில், ரொட்டி வாட்டும் இயந்திரத்துக்கு முன்னால். இருவர் கையிலும் காலித் தட்டு. ரொட்டி முறுகி மேலே எகிறிக் குதித்தது, இருவருமே எடுக்கவில்லை. பின்னால் நின்றிருந்த வேற்று நாட்டு ஆட்டக்காரர் ஒருவர், மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, தட்டோடு பழம் இருந்த பக்கம் நகர்ந்துவிட்டார். மாமனார் மருமகன் சண்டைக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

மாமனார், தேசிய ஆண்கள் வாலிபால் அணியின் கோச். மருமகன் அதே அணியின் செட்டர்; அடிக்கிறவர்கள் அடிப்பதற்குத் தோதாகப் பந்தை எடுத்துக் கொடுக்கிற ஆள். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அணியில் அவனுக்குப் பெயர் கண்ணாடி. அவன் முதலில் செட்டர் ஆனான், அப்புறம்தான் மருமகன் ஆனான் என்பதைக் கேட்டவர்களுக்கெல்லாம் இருவரும் சொல்லிவைத்திருந்தார்கள். கேட்காதவர்களுக்கும் சொன்னார்கள்.

சுவரோரம் நீளமாகப் போட்டிருந்த மேசையில் மற்ற ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காது மட்டும் இந்தப் பக்கம். கூடை நிறைய அவித்த முட்டை இருந்தது, ஒருவரும் தொடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

கண்டத்துப் போட்டி தொடங்கியதும் ஒவ்வொரு அணிக்கும் அழகான வழவழப்புத் தாளில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் அந்தந்த நாட்டு அணியின் சரித்திரம் கட்டம் கட்டமாக இருந்தது. எந்த வருஷம் வந்தார்கள், எத்தனையாவது இடம், எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள், எத்தனை தோற்றார்கள் என்று. இவர்கள் பக்கத்தில் ஜெயித்தது என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை முட்டை. ஊர்ப் பத்திரிகை ஒன்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, நம் நாட்டின் கோழிப்பண்ணை என்று எழுதிவிட்டது. அன்றைக்கு நின்றது அணியின் முட்டை சாப்பாடு. மறுநாள் காலையில் ஏணி என்று பெயர் வாங்கிய நெட்டைக்காரன் ஒருவன்தான், சாப்பிட்டே தீர்த்துவிடலாம் என்று இரண்டை எடுத்து உரித்தான். பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் ஒன்று வைத்ததும் அதைத் திரும்பவும் கூடையில் போடப் போனான். உரித்த முட்டையைப் போடக்கூடாது என்று பரிமாறுகிற அம்மாள் சைகையில் திட்டினாள்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் சங்கத்தின் செயலாளர் சிரிக்காமல் ஒன்று சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பெண்கள் அணி வருஷத்துக்கு வருஷம் மேலே வந்துகொண்டிருக்கிறது, அவர்களுக்குப் பயிற்சிக்கு ஹால் போதவில்லை, ஆகவே இந்தத் தடவையும் அந்தக் கட்டம் மாறாவிட்டால் ஆண்கள் அணியைக் கலைத்துவிடுவதென்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது என்றார். நியாயமான பேச்சு.

இங்கே வந்து முதல் ஆட்டம் போயிற்று. நேற்று இரண்டாவதும் போயிற்று. நாளைக்கு ஒன்று மிச்சம்.

கண்ணாடிக்கு அந்த ஒன்று வேண்டும். வேறு யாருக்காகவும் இல்லை, அவனுக்கே வேண்டும். கடையில் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துக் கண்ணைச் சோதிக்கும்போது, “கடைசி வரி வரைக்கும் தெரியுதுப்பா, உங்க டீம் ஜெயிச்சதுதான் தெரியலை” என்று கேலி செய்யாத வாடிக்கையாளர் கிடையாது. அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த கண்ணாடியை மாட்டுவான். இளமை முழுவதையும் ஒரு முட்டைக்குள் அடைத்துவிட்டுப் போக அவனுக்கு மனம் இல்லை.

நேற்று நடந்தது என்னவென்று சொல்லாவிட்டால் சண்டை புரியாது.

இவர்கள் ஊரில் பயிற்சி செய்யும் ஹால், முன்னொரு காலத்தில் சரக்குக் கிடங்கு. நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம்தான் இல்லை. வலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில், குறுக்கே ஒரு இரும்பு உத்தரம். பந்து அதில் இடித்தால் புள்ளி போச்சு. அதனால் இவர்கள் ஆட்டமே தாழ்வான ஆட்டம். பந்து கண்ணாடியின் விரலில் பட்டதும் தெறித்து, வலையை உரசுகிற மாதிரி அம்பாகப் போகும். எதிரணி நெட்டைக்காரர்கள் தடுக்கக் கையைத் தூக்குவதற்குள் அடி விழுந்திருக்கும். இப்படி ஒரு வேகம் கண்டத்தில் வேறு எந்த அணிக்கும் இல்லை. பெரிய அணிகளே அதற்குத் திணறின.

நேற்று முதல் செட்டில் அப்படித் திணறடித்து, செட்டை எடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போது எதிரணியின் சர்வீஸ் ஒன்று வாத்தியாரின் கையில் பட்டு மேலே கிளம்பியது. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர், அணியின் கேப்டன். பந்து மேலே போனது, போனது, ஊரிலிருந்த உத்தரத்தின் உயரத்தைத் தாண்டிப் போனது. இந்த அரங்கத்தில் உத்தரமே கிடையாது, கூரை எங்கேயோ வானத்தில். சாவகாசமாகக் கீழே வந்த பந்தைக் குழந்தைகூட எடுத்திருக்கலாம். ஆனால் வாத்தியார், ஏணி, பின்வரிசையில் ஆடும் ரப்பர் மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பந்து அவர்களுக்கு நடுவில் விழுந்து குதித்து அடங்கியது. அரங்கமே ஒரு நொடி புரியாமல் இருந்துவிட்டு, பிறகு சிரித்தது. சாயங்காலத்துக்குள் யாரோ அந்தக் காட்சிக்குப் பாட்டுப் போட்டு உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகும் அதே மாதிரி நின்றார்கள். கண்ணாடியும் ஒரு தடவை நின்றான். அதை அவன் மறைக்கவில்லை.

“குடிசையில குனிஞ்சு நடந்த பழக்கம் இது” என்று கோச் இப்போது தட்டை மேசையில் வைத்தார். “மாளிகைக்கு வந்த பிறகும் குனிஞ்சே நடப்பேன்னா எப்படி? எல்லா அணியும் எப்படி ஆடுதோ அப்படி ஆடுவோம். உசரமா கொடுக்கறதுக்குப் புதுப் பையன் இருக்கான். நாளைக்கு அவன் செட்டர். நீ பெஞ்ச்.”

“மாளிகைக்காரன் குனிய மாட்டான் கோச். அதனாலதான் நம்ம பந்து அவனுக்குப் பிடிபடலை. இருக்கற ஒரே நல்லதையும் விட்டுட்டு அவங்களை மாதிரி ஆடினா, அவங்க நம்மளைவிட நல்லா அவங்களை மாதிரி ஆடுவாங்க.”

கோச் ஆறிப்போன ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

கண்ணாடி அறைக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டான். அவள் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எடுத்த எடுப்பிலேயே, அப்பா இப்போதுதான் வைத்தார், அவர் சொல்வதை முழுக்கக் கேட்டாயிற்று, நீங்களும் அதையே தலைகீழாகச் சொல்லப்போகிறீர்கள், இருமல் மருந்துக்கு ஆள் நிற்கிறது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றாள். அவன் சுருக்கமாகத்தான் ஆரம்பித்தான். இடையில் இரண்டு பேர் மருந்து வாங்கிப் போனார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நேத்து டிவியில பார்த்துட்டு இருந்தேன். பந்து மேலே போச்சு, நீங்க எல்லாரும் நின்னீங்க. எனக்கு அப்பா குரல் கேட்டுச்சு.”

“மாமா வாயே திறக்கலையே. உட்கார்ந்துட்டுதானே இருந்தாரு.”

“அதைத்தான் சொல்றேன். திறக்கலை. ஆனா ‘விடு’ன்னு எனக்குக் கேட்டுச்சு. நானே கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சுட்டேன்.”

கண்ணாடி சிரிக்கவில்லை. அவள் போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிடங்கு ஹாலில் பந்து உத்தரத்துக்கு மேலே கிளம்பினால் கோச் ஒரு சத்தம் போடுவார். விடு. அவ்வளவுதான். இடி மாதிரி ஒரே சொல். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. இவர்கள் எல்லாம் அணிக்கு வருவதற்கு முன்னால், அப்படி மேலே போன ஒரு பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே துரத்திய ஆட்டக்காரர் ஒருவர் ஹாலின் இரும்புத் தூணில் மோதித் தோளை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. அன்றிலிருந்து யாரையும் அந்தப் பந்துக்கு ஓடவிட்டதில்லை கோச். பந்து போனால் போகட்டும், ஆள் வேண்டும் என்பார். சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அங்கேயே விளையாடி வளர்ந்த மகளுக்கும் அந்தச் சத்தம் அத்துப்படி.

அன்று பிற்பகல் பயிற்சிக்காக அரங்கத்தின் பக்கத்துக் கூடம் ஒன்றை இவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கோச் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கண்ணாடி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். ஒருவர் மாற்றி ஒருவராக நடுவில் நிற்கவைத்து, பந்தை உயரமாக வீசிப்போட்டான். எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். ரப்பர் அணியின் லிபரோ. பின்வரிசையில் விழுந்து புரண்டு எந்தப் பந்தையும் எடுக்கிறவன், தரையில் பட்டதும் எழுந்து நிற்கிறவன். அவனே பாதி வழியில் நின்றுவிட்டான். ஏணி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு மறு காலை எடுக்க மறந்துபோனான்.

எங்கே பார்த்தாய் என்று கேட்டால் பந்தைத்தான் பார்த்தேன் என்றார்கள். கண்ணில் கோளாறு இல்லை. கண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

“என்ன கேட்டுச்சு?” என்றான்.

ரப்பர், சொல்லலாமா கூடாதா என்கிற முகத்தோடு, “கோச் சத்தம்” என்றான்.

“எனக்கும்தான்” என்றான் ஏணி. “நான் மட்டும்தான் பைத்தியம்னு நினைச்சுட்டு இருந்தேன். சரி, துணைக்கு ஆள் இருக்கு.”

வாத்தியார் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் எல்லோருடைய பார்வையும் கண்ணாடியைத் தாண்டிப் பின்னால் போயிற்று. கோச் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் ரொம்ப நேரமாக என்று தோன்றியது.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே சமயத்தில் தாகம் எடுத்தது அதிசயம்தான்.

“ஆக, தப்பு என்னோடது” என்றார் கோச்.

“தப்பு உத்தரத்தோடது. குரல் உங்களோடது.”

“ஒருத்தன் தோளை உடைச்சுக்கிட்டு விழுந்ததை நீ பார்த்தது இல்லை. நான் பார்த்தேன். நான்தான் தூக்கினேன்.”

“அதுக்காக நாங்க எல்லாரும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கோம் மாமா. ஒருத்தருக்கும் ஒரு விரல்கூட உடைஞ்சதில்லை. ஆனா இங்க தூண் இல்லை. அதை எங்க காதுக்கு யார் சொல்றது? நான் கத்தினா கேட்க மாட்டாங்க. நான் கத்தினா நானே கேட்க மாட்டேன். கடையில ரெட்டைப் பார்வைக் கண்ணாடி புதுசா மாட்டிக்கிட்டு படி இறங்கறவங்க இருக்காங்கள்ல, பார்த்துப் போங்கன்னா விழுவாங்க. கூடவே இறங்கி, படி, படி, இதோ படின்னு காதுல சொல்லணும். அப்படி ஒரு குரல் வேணும். உள்ளே போட்ட குரல்தான் வெளியே எடுக்கணும்.”

மாமா என்று கூப்பிட்டதற்கு இந்தத் தடவை கோச் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“என்னன்னு கத்தணும்?”

“இருக்குன்னு கத்துங்க. பந்து இருக்கு, இன்னும் போயிடலைன்னு.”

“எனக்கு வாய் வராது மாப்ள. ஆனா கத்திப் பார்க்கறேன்” என்றார் அவர். பிறகு, பெரிய மனசு பண்ணுகிற தோரணையை வரவழைத்துக்கொண்டு, “ஒரு செட் தர்றேன். உன் ஆட்டத்தை ஆடு. தோத்தா புதுப் பையன் வருவான்” என்றார்.

மறுநாள் எதிரே நின்றது, போன தடவை இவர்களை நேர் செட்களில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போன அணி. அவர்கள் கைகுலுக்கும்போதே தோளில் தட்டிக்கொடுத்தார்கள். தோற்கப்போகிறவனுக்குக் கொடுக்கிற முன்பணம் அது. ஏணி அதைத் துடைத்துக்கொள்கிற மாதிரி தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

ஒரு செட் என்பது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று கண்ணாடிக்கு அன்றுதான் தெரிந்தது. தாழ்வான பந்துகள் எல்லாம் போய் விழுந்தன. வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் எதிரணி திணறியது. ஆனால் பந்து மேலே கிளம்பிய ஒவ்வொரு தடவையும் பழைய கதை. இரண்டு பேர் ஓடினார்கள், ஓடி நின்றார்கள். கோச் எல்லைக்கோட்டருகே எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், மூடினார். செட் போயிற்று.

கண்ணாடி யாரும் சொல்வதற்கு முன்னால் தானே போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். புது செட்டர் எழுந்து கைகால்களை உதறிக்கொண்டான். ஏணிக்குச் சமமான உயரம், நல்ல பிள்ளை, தலைவிதியே என்று நடுவில் மாட்டிக்கொண்டவன். அவன் கோச்சிடம் போய், அணி முழுவதும் தாழ்வான ஆட்டத்தில் சூடாக இருக்கிறது, இப்போது தான் போய் உயரமாகக் கொடுத்தால் எல்லோரும் குழம்புவார்கள், தன்னைக் கேட்டால் வேண்டாம் என்றான். தன்னை யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும் என்றான்.

கோச் கண்ணாடி முன்னால் வந்து நின்றார்.

“துண்டை எடு.”

“தோத்தாச்சே. சொன்ன பேச்சு பேச்சுதானே.”

“நீ தோக்கலை. நான் பேச்சைக் காப்பாத்தலை. ஒரு தடவைகூடக் கத்தலை.” துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். “எழுந்திரு. உன் மாமியார் பார்த்துட்டு இருப்பா. துண்டோட உட்கார்ந்தா குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு.”

இரண்டாவது செட்டின் நடுவில் அது நடந்தது. சர்வீஸ் ரப்பரின் தோளில் பட்டுப் பின்பக்கமாக, கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகைகளுக்கு மேலே கிளம்பியது. எல்லோர் காலும் தரையில் ஒட்டிக்கொண்டது. அப்போது, “இருக்கு” என்றொரு சத்தம். முதல் எழுத்து கரகரத்து, கடைசி எழுத்து உடைந்து, கழுதை கனைப்பது மாதிரி ஒரு சத்தம். அழகாக இல்லை. ஆனால் அந்தக் குரல் அவர்களுக்குத் தெரியும். எந்தக் குரல் காலைக் கட்டியதோ அந்தக் குரல்.

ஏணி திரும்பி ஓடினான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினான். பந்தைத் தலைக்கு மேலே பின்பக்கமாகத் தட்டிவிட்டு, நிற்க முடியாமல் விளம்பரப் பலகையோடு சேர்ந்து அந்தப் பக்கம் விழுந்தான். பந்து திரும்பி வந்தது. வாத்தியார் அதை வலைக்கு மேலே தள்ளினார். அந்தப் பக்கத்தில் யாரும் இல்லாத மூலையில் விழுந்தது. ஆனால் கோச் அதைப் பார்க்கவில்லை. அவர் கவிழ்ந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கால் முன்னால் வைத்தபடி அப்படியே நின்றார்.

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. அப்புறம் தலை. ஏணி தன் இரண்டு தோள்களையும் மாறி மாறித் தட்டிக்காட்டி, “ரெண்டும் இருக்கு கோச். எண்ணிப் பார்த்துட்டேன்” என்றான்.

அதற்குப் பிறகு கோச் உட்காரவில்லை. பந்து உயர்ந்தால் கத்தினார். உயராவிட்டாலும் சில சமயம் கத்தினார். எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதற்கு நடுவர் கூப்பிட்டுக் கண்டித்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்கு மறுபடி வந்தார். இரண்டாவது செட் இவர்களுக்கு வந்தது. மூன்றாவதை எதிரணி மல்லுக்கட்டிப் பிடுங்கிக்கொண்டது. நான்காவதில் ரப்பர் தரையில் இருந்த நேரமே அதிகம், நின்ற நேரம் குறைவு; அந்தச் செட்டும் வந்தது. ஐந்தாவது செட்டுக்குப் பக்கம் மாறி நின்றபோது கண்ணாடியின் விரல்களில் பிளாஸ்திரி எல்லாம் வேர்வையில் கழன்று தொங்கியது. பிய்த்து எறிந்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல், “இன்னும் கொஞ்சம்தான்” என்றான். “கொஞ்சம் எவ்வளவு?” என்று கேட்டார் கணக்கு வாத்தியார். “உங்களுக்குத் தெரியாததா” என்றான்.

ஐந்தாவது செட் குறைந்த புள்ளிகளுக்கு ஆடுவது. ஒரு தவறு இரண்டு தவறுக்குச் சமம். புள்ளிக்குப் புள்ளி ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் இவர்கள் ஒன்று முன்னால் நின்றார்கள். இன்னும் ஒன்று எடுத்தால் முடிந்தது. எதிரணி அடித்த அடி, வலையோரம் தடுக்க எழுந்த ஏணியின் கையில் பட்டது. பந்து நேர்குத்தாக, இதுவரைக்கும் போகாத உயரத்துக்குப் போயிற்று.

கண்ணாடி பக்கவாட்டில் பார்த்தான். கோச் வாயைத் திறந்தபடி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது, தொண்டை கட்டிப்போய்விட்டது. கையை ஆட்டினார். கையை யார் பார்க்கிறார்கள், எல்லோரும்தான் அண்ணாந்து நிற்கிறார்களே.

கண்ணாடியின் காதில் ஒன்றுமே கேட்கவில்லை. விடு என்றும் கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் ரப்பரின் காலணி தரையில் கீச்சிட்டது மட்டும் கேட்டது. அவன் ஓடிக்கொண்டிருந்தான். வாத்தியாரும் ஓடினார். யாரும் யாரையும் ஓடச் சொல்லவில்லை. பந்தைப் பார்த்தார்கள், ஓடினார்கள், அவ்வளவுதான். வாத்தியார் ஒதுங்கிக்கொள்ள ரப்பர் அதை எடுத்து கண்ணாடியிடம் தள்ளினான். கண்ணாடி அதை வலையோரம் தாழ்வாக, ஊரில் கொடுப்பது மாதிரி, உத்தரத்துக்கு ரொம்பக் கீழே ஏணிக்குக் கொடுத்தான்.

ஏணி நன்றாக அடிக்கவில்லை. அந்த அடியை யாரும் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள். தடுக்க எழுந்த எதிரணிக்காரன் அவசரத்தில் கையோடு வலையையும் இழுத்துவிட்டான்; வலையைத் தொட்டாலே தப்பு. பந்து எங்கேயோ போய் விழுந்தது. விசில் கேட்டது. யாருக்கு என்று தெரியாமல் இவர்கள் அடுத்த சர்வீஸுக்குத் தயாராக நின்றார்கள். நடுவர் கையை இவர்கள் பக்கம் நீட்டினார். அப்போதும் நின்றார்கள். எதிரணிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் வாத்தியார், “முடிஞ்சு போச்சுப்பா” என்றார், தேர்வில் மணியடித்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் சொல்கிற குரலில்.

ஜெயித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஜெயித்த பிறகு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வலைக்குக் கீழே கைகுலுக்கப் போனபோது ரப்பர் வழக்கம்போல எதிரணித் தலைவரின் கையைப் பிடித்து, நன்றாக ஆடினீர்கள், வாழ்த்துகள் என்று மனதார வாழ்த்திவிட்டான். அந்த மனிதர் இவன் கேலி செய்கிறானோ என்று முறைத்தார். வாத்தியார் நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து செயலாளர் இறங்கிவந்தார். கோட்டுப் பொத்தானைத் தப்பான துவாரத்தில் போட்டிருந்தார். அழுதாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கோச்சின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் ஹால் நேரத்தைப் பெண்கள் அணியோடு எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று உட்கார்ந்து பேசலாம் என்றார்.

“கமிட்டி தீர்மானம்னு ஒண்ணு சொன்னீங்களே சார்” என்றான் கண்ணாடி.

“எந்தத் தீர்மானம்?” என்றார் செயலாளர்.

கோச் அவருக்கு ஏதோ சொல்ல வந்தார். வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். புது செட்டர் வெந்நீர் கொண்டுவர ஓடினான். கண்ணாடி மாமனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கோச் தன் துண்டை எடுத்து மருமகனின் கழுத்தைச் சுற்றிப் போட்டார். போட்டுவிட்டு, போட்டது தான் இல்லை என்பது மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பையில் போன் அடித்தது. மனைவி. பின்னணியில் மருந்துக்கடையே கூச்சல் போடுவது கேட்டது. அவனிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். அவரால் பேச முடியாது என்று அவன் சொல்வதற்குள் கோச் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் நன்றாகவே கேட்டது.

“மேட்ச் பார்த்தேன்பா, ஜெயிச்சது தெரியும். ரெண்டு நாளா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போன் போட்டு என் உயிரை எடுத்தீங்களே, அந்தச் சண்டையில ஜெயிச்சது யாரு, நீங்களா, அவரா?”